குளிர்நாட்டு வீடும் வெந்நீர்த் தகடும்

நுவரெலியாவின் தைமாதக் குளிரை ஓரிரவு அனுபவித்துத் திரும்பியவர் அதனைப் பல நாள் பேசிக்கொண்டிருப்பர். அங்குள்ள பழைய பங்களாக்களிற் காணப்படும் கணப்படுப்பே நம்மிற் பலர் கண்டறிந்த வெப்பமூட்டும் சாதனமாகும். ஆயின் இங்கிலாந்து போன்ற நாடுகளிலே வெப்பமின்றி மாரிகாலத்தைக் கழித்தல் அரிது. இன்று நம் குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகள் இலண்டன் முதலிய நகரங்களிற் குடியேறி வாழ்கின்றனர். அவர்கள் வீடுகளிலே அறைதோறும், பெரும்பாலும் யன்னலின் கீழே, சுவரோடு பொருந்தியபடி வெண்ணிற உருக்குத் தகடு ஒன்று இருக்கக் காணலாம். அதற்கு ‘ரேடியேற்றர்’ என்று பெயர்.

சுவருக்கு நிறந்தீட்ட வேண்டின் இத்தகடு இடையூறாகும். அதனை எடுத்து வைத்தாலன்றி அதன் பின்புறச் சுவரைத் தொட முடியாது. அவ்வாறு எடுப்பதற்கு வீடு முழுவதிலுமுள்ள குழாய்நீரை வடித்துவிட வேண்டுமா? வேண்டியதில்லை. ஒரு தகட்டை மட்டும் தனியாகப் பிரித்தெடுக்கும் வழியை அதனை அமைத்தவர்களே வைத்திருக்கின்றனர். அவ்வழி எளியது, எனினும், அதனை அரைகுறையாக அறிந்தவனுக்கு அது பெருநட்டத்தை விளைவிக்கவும் வல்லது. ஆதலின் அதன் இயல்பை நன்கு விளங்கிக்கொள்ளுதல் நன்று.

வெந்நீர் செல்லும் வழி

நெருப்பை ஓரிடத்தில் மூட்டி, அதன் வெப்பத்தை வீடெங்கும் பரப்பும் எண்ணம் புதியதன்று. உரோமர் நிலத்தளத்தின் கீழே சூடான வளியைச் செலுத்தித் தம் நீராடுமண்டபங்களை வெப்பமாக்கினர். இங்கிலாந்தின் பாத் நகரில் அவ்வமைப்பின் எச்சங்களை இன்றும் காணலாம். இக்கால ரேடியேற்றரை 1855 ஆம் ஆண்டளவில் உருசியாவின் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரில் வாழ்ந்த பிரான்ஸ் சான் கல்லி என்பார் ஆக்கினார் என்பர். ஆயினும், இங்கிலாந்தின் சாதாரண இல்லங்களில் இம்முறை பெருகியது 1960களின் பின்னரேயாம்.

குசினியிலோ வேறோர் ஒதுக்கிடத்திலோ உள்ள கொதிகலம் எரிவாயுவால் நீரைச் சூடாக்குகின்றது. பம்பி ஒன்று அந்நீரைக் குழாய்வழியே தள்ளுகின்றது. நீர் ஒவ்வொரு ரேடியேற்றரினுள்ளும் ஒரு முனையாற் புகுந்து, வெப்பத்தை அறைக்கு ஈந்து, மறுமுனையால் வெளியேறிக் கொதிகலத்தை மீண்டும் அடைகின்றது. அதே நீரே மீண்டும் மீண்டும் சுற்றிவருகின்றது. ‘கதிர்வீசுவது’ என்று பெயர் பெற்றிருப்பினும், இச்சாதனம் தன் வெப்பத்தின் பெரும்பங்கைக் கதிர்ப்பினால் அன்றி, உடன்காவுகையினாலேயே அறைக்கு அளிக்கின்றது. தகட்டைத் தொட்ட வளி சூடாகி மேலெழ, அவ்விடத்தைக் குளிர்ந்த வளி வந்து நிரப்புகின்றது என்பதை மாணவர் எளிதில் உணர்வர்.

கொதிகலத்திலிருந்து வரும் குழாயையும் அதற்கு மீளும் குழாயையும் ஓர் ஏணியின் இரு நெடுங்கால்கள் எனக் கொள்வோமாயின், ஒவ்வொரு ரேடியேற்றரும் அவற்றிடையே அமைந்த ஒரு படியாகும். ஒரு படியைக் கழற்றினால் ஏணி விழுந்துவிடாது. ஏனைய படிகளின் வழியே நீர் சுற்றிக்கொண்டேயிருக்கும்.

இரு வாயில்கள்

நம் தோட்டங்களுக்கு நீர் இறைக்கும்போது ஒரு பாத்தி நிரம்பியதும் அதன் வாயை மண்ணால் அடைத்து, நீரை அடுத்த பாத்திக்குத் திருப்புகின்றோம். அங்கே ஒரு வாயை அடைத்தாற் போதும். ஏனெனில், பாத்தியிற் புகுந்த நீர் நிலத்துட் செல்லுமேயன்றி வாய்க்காலுக்கு மீள்வதில்லை. ரேடியேற்றரின் கதை வேறு. அதன் இரு முனைகளும் நீர் நிறைந்த குழாய்களோடு இணைந்துள்ளன. ஒரு முனையை அடைத்தால் நீரோட்டம் நிற்கும், தகடு குளிரும். ஆனால் மறுமுனைக் குழாயின் நீர் அமுக்கத்தோடு அங்கேயே காத்துநிற்கும். பயன்படாத அறையொன்றின் ரேடியேற்றரை நிறுத்திவைக்க ஒரு வாயில் போதும். அதனைக் கழற்றி எடுக்கவோ இரு வாயில்களையும் அடைத்தல் இன்றியமையாதது.

இவ்விரு வாயில்களிலும் ஒவ்வொரு வால்வு உண்டு. ஒன்று வீட்டார் தினமும் கையாளுவது. அதன் தலையில் 1 முதல் 5 வரை எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். மற்றையது ‘லொக்சீல்ட்’ எனப்படுவது. வெறும் பிளாத்திக்கு மூடியால் மறைக்கப்பட்டிருப்பதால் பலர் அதனை வால்வென்றே எண்ணுவதில்லை. மூடியை இழுத்தெடுத்தால் உள்ளே சிறு உலோகத் தண்டு தோன்றும். அதனை ஸ்பனரினாற் பிடித்து வலஞ்சுழியாகத் திருப்பினால் வால்வு அடைபடும்.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. கொதிகலத்துக்கு அண்மையிலுள்ள ரேடியேற்றர்கள் நீரைப் பெரிதும் கவர்ந்துகொண்டால் தொலைவிலுள்ளவை குளிர்ந்துவிடும். அதனைத் தடுக்கவே இம்மறைவான வால்வை வீட்டுக்கு வீடு, அறைக்கு அறை வேறுவேறு அளவில் திறந்து வைத்திருப்பர். ஆகவே அதனை அடைக்கும்போது எத்தனை சுற்றுத் திருப்பினோம் என்பதை எண்ணி, ஒரு தாளிற் குறித்து வைத்தல் வேண்டும். ஒன்றரைச் சுற்றில் அடைபட்டதனை மீளத் திறக்கும்போதும் ஒன்றரைச் சுற்றே திறத்தல் வேண்டும்.

எண் காட்டும் பொய்

எண்கள் பொறித்த வால்வை 0 என்ற குறிக்கோ, பனித்துளியொத்த குறிக்கோ திருப்பிவிட்டால் அது முற்றாக அடைபட்டுவிட்டது என்றே எவரும் நினைப்பர். இந்நினைப்பே பல வீடுகளில் வெள்ளத்தை வரவழைக்கின்றது.

அவ்வால்வின் தலைக்குள்ளே மெழுகோ திரவமோ அடைக்கப்பட்டுள்ளது. அறை சூடாகும்போது அது விரிந்து ஒரு சிறு ஊசியைக் கீழே அமுக்க, வால்வு அடைபடுகின்றது. அறை குளிரும்போது அது சுருங்க, வில்லானது ஊசியை மேலே எழுப்ப, வால்வு திறக்கின்றது. எண்ணைக் குறைத்தல் என்பது, எவ்வளவு குளிர்ந்தபின் திறக்கவேண்டும் என்று அதற்குக் கட்டளையிடுவதேயன்றி வேறில்லை. பனித்துளிக் குறியில் வைத்த வால்வு, குழாய்நீர் உறைந்து வெடித்துவிடாதபடி, அறையின் வெப்பநிலை ஏறத்தாழ 7 பாகை செல்சியசை அடையும்போது தானே திறக்கும். வீட்டைக் காப்பதற்காக அமைந்த இக்குணமே, ரேடியேற்றர் அங்கில்லாதபோது வீட்டைக் கெடுக்கின்றது.

என் பழைய மாணவர் ஒருவர் கிழக்கு இலண்டனில் வாடகை வீட்டில் வசிக்கின்றார். மேன்மாடி அறைக்கு நிறந்தீட்டும் பொருட்டு ரேடியேற்றரைக் கழற்றினார். லொக்சீல்டை முறையாக அடைத்தார். மற்றையதைப் பனித்துளிக் குறியில் வைத்தார். ஒரு துளி நீரும் கசியவில்லை. இரண்டு நாள்கள் இவ்வாறே கழிந்தன. மூன்றாம் இரவு, பூச்சின் நெடி போகட்டும் என்று யன்னலைத் திறந்துவிட்டு வேலைக்குச் சென்றார். அது மார்கழி மாதம். அறை குளிர்ந்தது, ஊசி எழுந்தது, திறந்த குழாய்முனையால் நீர் பாய்ந்தது. அவ்வீடு பழைய அமைப்பினது. கூரையின் கீழுள்ள சிறு தொட்டி, குறையும் நீரைத் தானே நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. விடியற்காலையில் அவர் திரும்பியபோது கீழறையின் உட்கூரை இடிந்து கம்பளத்தின்மேற் கிடந்தது. வீட்டுக்காரரிடம் வைத்திருந்த முற்பணம் முழுவதும் அதற்கே போயிற்று. இரண்டு மாத ஊதியமும் உடன் சென்றது. ஒரு சிறு மூடி இருந்திருப்பின் இவ்வளவும் நேர்ந்திராது.

அம்மூடி யாதெனில், வால்வின் தலையைக் கழற்றியபின் அவ்விடத்தில் திருகி இறுக்கும் ஒரு சிறு தொப்பியாகும். அது ஊசியைக் கீழேயே அமுக்கி வைத்திருக்கும்; அறை எவ்வளவு குளிர்ந்தாலும் வால்வு திறக்காது. இதற்கு மேலாக, ரேடியேற்றர் இருந்த பக்கத்து வால்வுமுனைகள் இரண்டையும் உலோக மூடிகளால் அடைத்துவிடுதல் வேண்டும். அங்ஙனம் செய்தால், விளையாட்டுப் பிள்ளையொன்று வால்வைத் திருப்பினும் தீங்கு நேராது.

கழற்றும் முறை

முதலில் வெப்பமூட்டலை நிறுத்தி, நீர் நன்கு ஆறும்வரை பொறுத்தல் வேண்டும். குழாய்நீர் 70 பாகை வரை சூடாயிருக்கக்கூடும். அது தோலைச் சுட்டுவிடும். பின்னர் மேற்கூறியவாறு தலையைக் கழற்றித் தொப்பியை இறுக்கி, லொக்சீல்டையும் சுற்றுகளை எண்ணி அடைக்கவேண்டும்.

அடுத்து வருவதே இப்பணியின் உயிர்நாடியான சோதனை. ரேடியேற்றரின் மேல்மூலையில் வளியை வெளியேற்றும் சிறு திருகு ஒன்றுண்டு. அதற்குரிய சிறு திறப்பினால் அதனை மெல்லத் திறந்து, வரும் நீரைத் துணியில் ஏந்திப் பார்க்கவேண்டும். இரு வால்வுகளும் உண்மையாக அடைபட்டிருந்தால், உள்ளிருந்த அமுக்கம் தணிந்து, சிறிது நீர் வந்தபின் ஓட்டம் நின்றுவிடும். நில்லாது வந்துகொண்டேயிருப்பின், ஏதோ ஒரு வால்வு ஒழுகுகின்றது என்பது பொருள். அந்நிலையில் திருகை மூடிவிட்டு, வேலையை அவ்வளவில் நிறுத்தல் வேண்டும். ஊசிமுனையளவு துவாரத்தில் அறியவேண்டிய உண்மையைப் பெருந்துவாரத்தில் அறிய முயல்வது பேதைமை.

நீர் நின்றதாயின் திருகை மூடி, ஒரு முனையின் கீழே தாழ்ந்த தட்டத்தையும் பழைய துவாய்களையும் வைக்கவேண்டும். வால்வின் உடலை ஒரு ஸ்பனரினால் அசையாது பிடித்துக்கொண்டு, ரேடியேற்றரோடு அதனை இணைக்கும் நட்டை மற்றொரு ஸ்பனரினால் மெல்லத் தளர்த்தல் வேண்டும். ஒற்றை ஸ்பனரைக் கொண்டு முயன்றால் குழாயே முறுகிவிடக்கூடும்.

நட்டு தளர்ந்ததும் நீர் கொட்டும் என்று எதிர்பார்ப்பவர் வியப்படைவர். சில துளிகளே வரும். மேலே வளி புக வழியின்மையால், வெளியிலுள்ள வளிமண்டல அமுக்கம் நீரைத் தாங்கி நிற்கின்றது. நீருட் தோய்த்த குழலின் மேல்வாயை விரலால் மூடித் தூக்கினால் நீர் விழாதிருப்பதை வகுப்பறையிற் கண்டிருக்கின்றோம். அதுவே இங்கும் நிகழ்கின்றது. மேல்மூலைத் திருகைத் திறந்ததும் வளி உட்புக, நீர் தட்டத்தில் இறங்கும். மூடினால் ஓட்டம் தணியும். இவ்வாறு தட்டம் நிரம்புந்தோறும் திருகை மூடி, நட்டையும் சிறிது இறுக்கி, நீரை வாளியிற் கொட்டலாம்.

வெளிவரும் நீர் கருநிறமாயிருக்கும். உருக்குத் தகட்டின் உட்புறம் ஒட்சிசனோடு சேர்ந்து உண்டாகும் கரிய இரும்பொட்சைட்டே அது. கம்பளத்திற் பட்டாற் கறையை அகற்றுதல் கடினம். நீர் வடிந்தபின்னும் அடியில் இச்சேறு தங்கியிருக்கும். ஆகவே மறுமுனை நட்டையும் கழற்றியபின், ரேடியேற்றரின் வாய்களைத் துணியால் அடைத்து, சுவரிலுள்ள தாங்கிகளிலிருந்து நேராக மேலே தூக்கவேண்டும். இரட்டைத் தகடுடைய பெரியதொன்று 30 கிலோகிராமுக்கு மேலும் நிறை கொண்டிருக்கக்கூடும். இருவர் சேர்ந்து தூக்குவதே முறை.

வீட்டு நீர் முழுவதையும் வடிக்காது விடுவதன் நன்மையும் இங்கே விளங்கும். ஒரு நடுத்தர வீட்டிற் சுமார் 100 லீற்றர் நீர் சுற்றிவரும். துருப்பிடித்தலைத் தடுக்கும் மருந்து அதிற் கலந்துள்ளது. அதனை வடித்துப் புதுநீரை நிரப்பினால் மருந்தும் போய்விடும். புதுநீரோடு ஒட்சிசனும் உட்புகும். குழாய்களில் வளியும் சிக்கிக்கொள்ளும்.

மீளப் பொருத்தல்

சுவர் உலர்ந்தபின் தகட்டைத் தாங்கிகளில் இருத்தி, மூடிகளை அகற்றி, நட்டுகள் இரண்டையும் இறுக்கவேண்டும். லொக்சீல்டைக் குறித்துவைத்த சுற்றளவுக்குத் திறந்து, தொப்பியை நீக்கி வால்வின் தலையைப் பூட்டித் திறக்கவேண்டும். நீர் புகப்புக உள்ளிருக்கும் வளியை மேல்மூலைத் திருகினால் வெளியேற்றி, நீர் தோன்றியதும் மூடவேண்டும். இக்காலத்து மூடிய அமைப்பாயின் கொதிகலத்தின் அமுக்கமானி, ஆறியிருக்கும்போது, 1 முதல் 1.5 பார் வரை காட்டவேண்டும்; குறைந்திருப்பின் நிரப்புகுழாயினால் நிறைவு செய்யலாம். மறுநாளும் இணைப்புகளை ஒரு காகிதத்தால் ஒற்றிப் பார்த்தல் நன்று.

முப்பது ஆண்டு திருப்பப்படாத வால்வு சில வேளை அசையவும் மாட்டாது, அசைந்தாலும் அடைபடாது. அங்ஙனமாயின் அனுபவமிக்க குழாய்ப் பணியாளரை அழைப்பதே வழி. அவர் குழாயின் ஒரு பகுதியைக் கருவியினால் உறையச் செய்து, உள்நீரையே பனிக்கட்டி அடைப்பாக்கித் தம் வேலையை முடிப்பதுண்டு. எரிவாயுக் கொதிகலத்தின் உட்பகுதியையோ எவரும் தாமாகத் தொடலாகாது. அப்பணி, 2009 ஆம் ஆண்டு முதல் பிரித்தானியாவில் ‘காஸ் சேஃப்’ பதிவேட்டிற் பதிவுபெற்றோருக்கே உரியது. வாடகை வீட்டில் இருப்போர் ஸ்பனரைக் கையில் எடுக்குமுன் வீட்டுக்காரரின் சம்மதத்தையும் பெறுவாராக.

இலண்டனிலுள்ள பிள்ளைகளோடு பேசும் பெற்றோர், நலம் விசாரிக்கும்போது இதனையும் ஒரு வார்த்தை சொல்லிவைக்கலாம். வால்வின் தலையிலுள்ள எண்ணை நம்பவேண்டாம். இரு வாயில்களையும் அடைத்து, அடைபட்டமையைச் சிறு திருகினாற் சோதித்து அறிந்தபின்னரே நட்டைத் தளர்த்தவேண்டும்.