தேர்வடம் பிடிக்கும் கைகள்

சித்திரைத் தேர்த் திருநாளில் திருப்பூர் மாவட்டத்துக் குன்னத்தூர் வட்டாரக் குடும்பங்கள் நாடிச் செல்லும் திருத்தலம் அவிநாசி. கொங்கேழு தலங்களுள் முதலாவதாகப் போற்றப்படுவது; முதலை உண்ட பாலகனைச் சுந்தரமூர்த்தி சுவாமிகள் பதிகம் பாடி மீட்டருளிய பதி. அங்கே தேர்வடம் பிடிக்கும் கைகளில் ஏர் பிடித்த கையும் உண்டு. பனியன் கம்பெனியில் துணி தைக்கும் கையும் உண்டு. பிறப்பைக் காட்டி எவரையும் ஆலயத்திலிருந்து விலக்கச் சட்டத்தில் இடமில்லை.

இந்நிலை தானாக வந்ததன்று. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர், அதுவரை வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த அன்பர்களை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சியம்மன் சந்நிதிக்குள் சென்றார். 1947இல் சென்னை மாகாண ஆலயப் பிரவேசச் சட்டம் நிறைவேறியது. பின்னர் அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு, சமயத்தைப் பின்பற்றும் உரிமையை அனைவருக்கும் அளித்தது. பொது இந்து ஆலயங்களை இந்துக்களின் எல்லாப் பிரிவினருக்கும் திறந்துவிடச் சட்டமியற்றும் அதிகாரத்தையும் அரசுக்கு வழங்கியது.

சமயச்சார்பற்ற அரசுக்கு ஆலயத்தில் என்ன பணி என்று அன்பர் சிலர் வினவுவதுண்டு. சிரூர் மடம் வழக்கில் 1954இல் உச்ச நீதிமன்றம் ஓர் எல்லையைக் காட்டியது. ஒரு சமயத்துக்கு இன்றியமையாத வழிபாடு எது என்பதை அச்சமயத்தின் கொள்கைகளைக் கொண்டே அறிய வேண்டும். சொத்து நிர்வாகத்தைச் சட்டம் நெறிப்படுத்தலாம், ஆனால் நிர்வாக உரிமையை முற்றிலும் பறித்துவிடலாகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். ஆலய நிலமும் உண்டியல் கணக்கும் சட்டத்தின் பார்வைக்கு உட்பட்டவை. பூசையின் நெறி சமய மரபுக்கு உரியது. இந்த எல்லையை அரசு மீறினாலும் தவறு. எல்லையைக் காரணம் காட்டி நிர்வாகிகள் கணக்கை மறைத்தாலும் தவறு.

எனினும் சட்டத்தால் இயலாத ஒன்று உண்டு. உண்டியலை எண்ண அதனால் முடியும். காணிக்கை இடுபவரின் நெஞ்சில் அன்பை இட முடியாது. கதவைத் திறக்க முடியும். உள்ளே வருபவரை முகம் மலர்ந்து வரவேற்கச் செய்ய முடியாது. அந்தக் கடமை அடியார்களாகிய நம்முடையது. நம் ஊர்க் கோயிலில் ஒருவர் தயங்கி வெளியே நின்றால், அவரை அழைத்து அருகில் நிறுத்திக்கொள்வதும் சிவத்தொண்டே. அத்தனை கைகளும் சேர்ந்தால்தானே தேர் நிலை சேரும்!