தலையில் தண்ணீர் குடிக்கும் செடி

திருத்தணி பக்கத்துப் பொதட்டூர்பேட்டையில் சித்தி வீட்டுக்குப் போனால் தெருமுனையிலேயே தறிச்சத்தம் வரவேற்கும். போன கோடையில் செருப்பைக் கழற்றுவதற்குள் புகார் வந்தது. “நீ குடுத்துட்டுப் போன செடி சாவப் போவுது, வந்து பாரு.” சன்னலோரத் தொட்டியில் அடி இலைகள் கொழகொழத்துக் கிடந்தன. ஒன்றைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. “தண்ணி ஊத்தலையா சித்தி?” “ரெண்டு வேளையும் ஊத்தறேனே!”

கோளாறு அதுதான்.

செடியின் பெயர் நியோரெஜீலியா. அதில் ‘ஃபயர்பால்’ என்று விற்கும் குட்டி ரகம். பூர்வீகம் பிரேசில். புரோமீலியேசி என்ற இதன் குடும்பத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள். ஒன்றே ஒன்று மேற்கு ஆப்பிரிக்காவில் வளர்கிறது, மற்றவை எல்லாம் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியவை. இந்தக் குடும்பத்தில் நமக்கு நன்றாகத் தெரிந்த உறவு அன்னாசி. போர்ச்சுகீசியர் கப்பலில் பழமும் வந்தது, பெயரும் வந்தது.

காட்டில் நியோரெஜீலியா பெரும்பாலும் மரக்கிளையில் குடியிருக்கும். புல்லுருவி மாதிரி மரத்தை உறிஞ்சாது, வேர் பிடிமானத்துக்குத்தான். இலைகள் ஒன்றையொன்று தழுவி நடுவில் ஒரு கிண்ணம் போல அமைகின்றன. மழைநீர் அதில் தேங்கும், சருகு விழுந்து ஊறும், தவளைகூடக் குடித்தனம் நடத்தும். அந்தச் சாற்றை இலையடியில் உள்ள நுண்ணிய செதில்கள் உறிஞ்சிக்கொள்ளும். இப்படிப்பட்ட செடியைச் செம்மண்ணில் புதைத்து இரண்டு வேளையும் நனைத்தால் வேர் அழுகாமல் என்ன செய்யும்?

“அப்போ தலையிலதான் ஊத்தணுமா?” என்றார் சித்தி. தலையிலதான். தேங்காய் மட்டைத் துண்டு, அடுப்புக்கரி, உடைத்த செங்கல் ஆகியவற்றைக் கலந்து சின்னத் தொட்டியில் மாற்றி வைத்தோம். அந்தக் கலவை லேசாக ஈரமாக இருந்தால் போதும், கிண்ணத்தில் மட்டும் தண்ணீர் நிற்க வேண்டும். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் இலையில் வெள்ளைப் படலம் கட்டும்; மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றுவது உத்தமம். தறி ஓடும் வீட்டில் இன்னொரு தொல்லை, பஞ்சுத் தூசி. அது இலைமேல் படிந்தால் துணியால் அழுத்தித் தேய்க்கக் கூடாது, செதில் போய்விடும். தண்ணீர் தெளித்துக் கழுவினால் போதும். காற்று காய்ந்தால் பாவு நூல் அறுந்து போகும் என்பது தறிக்காரர் வீட்டில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். செடிக்கும் காய்ந்த காற்று ஆகாது என்று சொன்னதும் சித்திக்கு அதன்மேல் ஒரு பாசம் வந்துவிட்டது.

மே மாதத்தில் திருத்தணிப் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அதைச் சமாளிக்க இதனிடம் ஒரு தந்திரம் இருக்கிறது. பகலில் இலைத்துளைகளைப் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். வெயில் சாய்ந்தபின் திறந்து, கரியமில வாயுவை வாங்கி அமிலமாக்கிச் சேமிக்கும். மறுநாள் வெளிச்சத்தில் அந்தச் சேமிப்பை எடுத்துச் சர்க்கரை செய்யும். பகலில் துளை திறக்காததால் ஈரம் வீணாவதில்லை. அன்னாசிக்கும் கள்ளிக்கும் இதே வழக்கம்தான்.

இந்தத் தந்திரத்தின் ஆரம்ப நுனிகளில் ஒன்று நம் நாட்டில்தான் கிடைத்தது. தரங்கம்பாடிக்கு மதபோதகராக வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளரான பெஞ்சமின் ஹெய்ன், ரணகள்ளி இலையை மென்று பார்த்தார். காலையில் புளித்தது, நண்பகலில் சப்பென்று இருந்தது, மாலையில் லேசாகக் கசந்தது. அவர் எழுதியது லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் 1815இல் அச்சானது. இரவில் சேர்த்த அமிலம் பகலில் கரைவதைத்தான் அவர் நாக்கு கண்டுபிடித்தது. பள்ளிப் புத்தகத்துக்குள் வைத்துக் குட்டி போடுகிறதா என்று நாம் பார்த்த அதே இலை! மென்று பார்க்கத்தான் நமக்குத் தோன்றவில்லை.

கிழக்குச் சன்னல் இதற்குப் பொருத்தம். இளவெயில் பட்டால் சிவக்கும், இருட்டில் பச்சையாகிவிடும், உச்சிவெயிலில் இலை வெந்துபோகும். உரத்தை அள்ளிப் போட்டாலும் நிறம் மங்கி இலை நீண்டுவிடும்.

பூ ஒரே ஒரு முறைதான். அதுவும் கிண்ணத்துக்குள் ஒளிந்து பூக்கும் ஊதா நிறச் சிறு பூ. ஆகா என்று சொல்ல ஒன்றுமில்லை. வளர்ந்த செடி பூக்க மறுத்தால், கிண்ணத்து நீரைக் கொட்டிவிட்டு, ஒரு பழுத்த ஆப்பிளோடு பிளாஸ்டிக் பைக்குள் சில நாள் நிழலில் கட்டி வைக்கலாம். பழம் விடும் எத்திலீன் வாயு பூக்கத் தூண்டும். அன்னாசித் தோட்டங்களில் மொத்தமாகப் பூக்க வைக்கத் தெளிக்கும் எத்தஃபான் மருந்திலிருந்து வெளிவருவதும் அதே வாயுதான். பூத்தபின் தாய்ச்செடி மெல்ல வாடும், பக்கத்தில் கன்று கிளம்பும். வாழையடி வாழைதான். கன்று தாயில் பாதி உயரம் வந்ததும் அறுத்து நடலாம். சித்தி வீட்டில் இப்போது மூன்று தொட்டிகள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அலட்சியம் வேண்டாம். கிண்ணத்தில் நிற்கும் சுத்தமான நீர் டெங்கு கொசுவுக்கும் பிடித்த இடம். நம் வெப்பத்தில் ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். வீடு கழுவும் செவ்வாயும் வெள்ளியும் தொட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, பழைய நீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள்.