ஆறு புள்ளிகளில் ஒரு ஹாய்

1961 டிசம்பர் 12. கலிஃபோர்னியாவிலிருந்து அமெரிக்க விமானப்படை ராக்கெட் ஒன்று கிளம்பியது. அதில், எடையைச் சரிக்கட்டும் கனத்தை வைக்க வேண்டிய இடத்தில் சுமார் நாலரை கிலோ பெட்டி ஒன்று இருந்தது. ஆஸ்கர் 1. பொழுதுபோக்காக வானொலித் தொடர்பில் ஈடுபடும் ஹாம் ரேடியோ ஆர்வலர்கள் தங்கள் ஓய்வு நேரத்தில் உருவாக்கிய செயற்கைக்கோள். உலகின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் பறந்து அப்போது நான்கே ஆண்டுகள்! மோர்ஸ் குறியீட்டில் முதலில் நான்கு புள்ளி, பிறகு இரண்டு புள்ளி. 'ஹாய்' என்பதைத் தவிர அது வேறெதுவும் சொல்லவில்லை.

விளையாட்டுப் பொருள்தானே என்று ஒதுக்கிவிட முடியாது. பெட்டிக்குள் வெப்பம் மாற மாற, அந்த 'ஹாய்' வரும் வேகமும் மாறியது. கடிகாரத்தைப் பார்த்து எண்ணத் தெரிந்த எவரும் விண்வெளியில் அதன் சூட்டைக் கணக்கிடலாம். 28 நாடுகளில் 570க்கும் மேற்பட்டோர் காது கொடுத்துக் கேட்டுக் குறிப்பெழுதி அனுப்பினார்கள். அத்தனை பரந்த கண்காணிப்பு வலை, சம்பளம் வாங்காத மனிதர்களால் அமைந்தது. அரசு ராக்கெட் இல்லாவிட்டால் இது மேலே போயிருக்குமா என்று கேட்கலாம். போயிருக்காது, உண்மைதான். ஆனால் இடம் கிடைத்தால் ஏற்றிவிடும் அளவுக்குத் தரமான கருவியை அவர்கள் தயாராக வைத்திருந்தார்களே, அதுதான் பெரிது. ஆர்வலர்களின் கருவியை நம்பி ஏற்றலாம் என்ற எண்ணம் வளர்ந்தது. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோ அனுப்பிய, ஹாம் ரேடியோவுக்கான ஹாம்சாட் செயற்கைக்கோளில், சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் இரண்டு டிரான்ஸ்பாண்டர்களில் ஒன்றைச் செய்தவர், நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரு பொறியியல் மாணவர்.