உங்கள் மடிக்கணினி தூங்கி எழுந்ததும் மக்கர் பண்ணுதா?



போன மாதம் எங்கள் வீட்டில் நடந்ததை வைத்துத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். அக்கா தன் பழைய மடிக்கணினியில் கல்லூரிக்கு அசைன்மென்ட் டைப் பண்ணிக்கொண்டிருந்தாள். அம்மா சாப்பிடக் கூப்பிட்டதும் மூடியை அப்படியே மூடிவிட்டுப் போனாள். திரும்பி வந்து திறந்தால் திரை வந்தது. டைப் பண்ணின எழுத்தும் அப்படியே இருந்தது. ஆனால் டச்பேடைத் தேய் தேய் என்று தேய்த்தும் அம்பு நகரவே இல்லை. வைஃபையும் காணோம். ‘ஷட் டவுன்’ பண்ணிவிட்டு மறுபடியும் போட்டுப் பார்த்தாள். அப்பவும் அதே கதைதான்.

கடையில் காட்டினோம். “டச்பேட் போயிடுச்சும்மா, மாத்தணும், 1,800 ரூபாய் ஆகும்” என்றார்கள். மகளிர் குழுவில் கட்ட வைத்திருந்த பணத்தை எடுக்கலாமா என்று அம்மா யோசித்தார்கள். மறுநாள் நான் கம்ப்யூட்டர் சாரிடம் சொன்னேன். அவர், “ஷட் டவுன் பண்ணாதே, ரீஸ்டார்ட் பண்ணிப் பாரு” என்றார். பண்ணினோம். இரண்டும் வேலை செய்தது! பாகம் எதுவும் கெடவில்லை, தூக்கத்திலிருந்து எழவில்லை, அவ்வளவுதான். இதைப் பற்றி சாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

கணினி தூங்குவது எப்படி?

மூடியை மூடினால் பெரும்பாலான மடிக்கணினிகள் அணைவதில்லை, தூங்குகின்றன. இதற்கு ‘ஸ்லீப்’ என்று பெயர். அப்போது திரை, வன்தட்டு, டச்பேட் எல்லாவற்றுக்கும் மின்சாரம் நின்றுவிடும். ‘ராம்’ என்ற நினைவகத்துக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். அதனால்தான் திறந்ததும் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர முடிகிறது. புதிய மடிக்கணினிகள் சிலவற்றில், செல்போன் போல எல்லாமே அரைத்தூக்கத்தில் இருக்கும்.

‘ஹைபர்னேட்’ என்று இன்னொன்றும் உண்டு. அதில் நினைவகத்தில் இருப்பதை எல்லாம் வன்தட்டில் எழுதி வைத்துவிட்டுக் கணினி முழுவதும் அணைந்துவிடும். இந்தத் தூக்கத்துக்கெல்லாம் பொதுவான விதிகளை இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்கள் சேர்ந்து 1996-இல் வெளியிட்டன.

ஏன் சில பாகங்கள் எழுவதில்லை?

எங்கள் வீட்டில் விடியற்காலையில் அம்மா எல்லாரையும் எழுப்புவார்கள். என் தம்பி “உம்” என்று சொல்லிவிட்டு மறுபடியும் போர்வையை இழுத்துக்கொள்வான். கணினிக்குள்ளும் இதேதான் நடக்கிறது. ஒவ்வொரு பாகத்தையும் தூங்க வைக்கவும் எழுப்பவும் ‘டிரைவர்’ என்ற ஒரு சின்ன மென்பொருள் இருக்கிறது. அது பழசாக இருந்தாலோ, அந்தக் கணினிக்குப் பொருத்தமில்லாமல் இருந்தாலோ பாகம் சரியாக எழாது. பழைய கணினியில் புது விண்டோஸ் போடும்போது இந்தத் தொல்லை வரலாம். பேட்டரியை மிச்சம் பிடிக்க விண்டோஸே ஒரு பாகத்தை அணைத்துவிட்டு, பிறகு எழுப்ப முடியாமல் போவதும் உண்டு.

சரி, ஷட் டவுன் பண்ணியும் ஏன் சரியாகவில்லை? இதுதான் எனக்கும் ஆச்சரியமாக இருந்தது. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று ஒரு வசதி இருக்கிறது. அது இருந்தால், ஷட் டவுன் பண்ணும்போது விண்டோஸின் உள்பகுதியும் டிரைவர்களும் இருந்த நிலை வன்தட்டில் பத்திரமாகிவிடும். மறுபடி போடும்போது அதே நிலை திரும்பி வரும். கோளாறும் கூடவே வந்துவிடும்! ரீஸ்டார்ட் பண்ணினால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. முதலில் கண்ட்ரோல், எஸ் விசைகளைச் சேர்த்து அழுத்தி உங்கள் வேலையைச் சேமித்துவிடுங்கள்.

2. விசைப்பலகையின் மேல்வரிசையில் டச்பேட் படமோ விமானப் படமோ போட்ட விசை இருந்தால் அதை அழுத்திப் பாருங்கள். தெரியாமல் கை பட்டு அணைந்திருக்கலாம்.

3. ரீஸ்டார்ட் பண்ணுங்கள். டச்பேட் வேலை செய்யாவிட்டால் விண்டோஸ் விசையையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தி, பிறகு யு, அதற்குப் பிறகு ஆர் அழுத்தினால் போதும்.

4. அடிக்கடி இப்படி ஆனால் ஒரு யுஎஸ்பி மவுஸை இரவல் வாங்கிச் செருகிக்கொள்ளுங்கள். விண்டோஸ் விசை, எக்ஸ், பிறகு எம் அழுத்தினால் ‘டிவைஸ் மேனேஜர்’ திறக்கும். எழாத பாகத்தின் பெயரில் வலது கிளிக் செய்து ‘டிசேபிள்’ கொடுத்து, மறுபடி ‘எனேபிள்’ கொடுங்கள். விசைப்பலகையில் மட்டும் இதைச் செய்து பார்க்காதீர்கள்!

5. அதே இடத்தில் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ போய் ‘பவர் மேனேஜ்மென்ட்’ பக்கத்தைப் பாருங்கள். மின்சாரம் மிச்சம் பிடிக்க இந்தப் பாகத்தை அணைக்கலாம் என்று ஒரு வரி இருக்கும். அதில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். சில கணினிகளில் இந்தப் பக்கம் இருக்காது.

6. மடிக்கணினியின் அடியில் மாடல் எண் இருக்கும். அதை வைத்து, தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்திலிருந்தே புதிய டிரைவரை எடுங்கள். வேறு எங்கேயோ கிடைக்கிற ‘டிரைவர் அப்டேட்’ மென்பொருளைப் போட வேண்டாம். வைரஸ் வரலாம்.

7. இதற்கும் சரியாகாவிட்டால் கணினியை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பிறகு போட்டுப் பாருங்கள்.

எப்போது கடைக்குப் போக வேண்டும்?

ரீஸ்டார்ட் பண்ணிய உடனேயும் வேலை செய்யவில்லை, மேலே சொன்ன எதற்கும் அசையவில்லை என்றால் பாகமோ அதன் வயரோ கெட்டிருக்கலாம். டச்பேட் மேலே புடைத்துக்கொண்டு வந்திருந்தால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம். அது ஆபத்து. அமுக்கிப் பார்க்காதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். கணினியை அணைத்துவிட்டு உடனே கடையில் காட்டுங்கள்.

கடைக்குப் போனால் “டச்பேட் வேலை செய்யலை” என்று மட்டும் சொல்லாதீர்கள். “ரீஸ்டார்ட் பண்ணினா வேலை செய்யுது, தூங்கி எழுந்தா மட்டும் நின்னுபோகுது” என்று சொல்லுங்கள். நாங்கள் இப்படிச் சொல்லியிருந்தால் அவர்களும் மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்க மாட்டார்களோ என்னவோ!

அக்கா அசைன்மென்ட்டை முடித்து அனுப்பிவிட்டாள். குழுப் பணத்தையும் அம்மா அந்த வாரமே கட்டிவிட்டார்கள். உங்கள் வீட்டிலும் மடிக்கணினி இப்படி மக்கர் பண்ணினால், பணத்தை எடுப்பதற்கு முன்னால் ஒருமுறை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள்.



– 9-ஆம் வகுப்பு மாணவி