பரிசுப் பணம் யார் கையில்?

கிரிக்கெட் சூதாட்டம் என்று தலைப்புப் போட்டிருந்தால் உடனே படிப்பீர்கள். நான் எழுதுவது பில்லியர்ட்ஸ் மேசையைப் பற்றி. "அது பணக்காரங்க ஆட்டமாச்சே, நமக்கெதுக்குடா?" என்று பக்கத்து பெஞ்ச் நண்பன் கேட்டான். ஸ்நூக்கர் பிறந்தது 1875-ல் ஜபல்பூர் ராணுவ முகாமில் என்றாலும், 1882-ல் அதற்கு விதி எழுதி வைத்தது நம்ம பக்கத்து ஊட்டி கிளப்பில்தானுங்க.

இந்த ஆட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு வழக்கம் உண்டு. சட்டைக் கை தெரியாமல் பந்தில் பட்டாலும் ஃபவுல். நடுவர் பார்க்காவிட்டாலும், ஆடுபவரே அதைச் சொல்லிவிட வேண்டும். கபடியில் நாம யாராவது அப்படிச் சொல்லுவோமா?

அப்படிப்பட்ட ஆட்டத்திலும் காசுக்குத் தோற்றவர்கள் இருக்கிறார்கள். 2023 ஜூனில் சீன ஸ்நூக்கர் வீரர்கள் 10 பேர் தண்டிக்கப்பட்டார்கள். இருவருக்கு ஆயுள் தடை. 20 மாதத் தடை பெற்ற ஜாவோ சின்டாங், அதை முடித்துத் திரும்பி வந்து 2025-ல் உலக சாம்பியன் ஆனார். ஆக, ஆடுபவன் தவறினால் விசாரணை உண்டு, தண்டனை உண்டு, திரும்பி வர வழியும் உண்டு. சரி, போட்டி நடத்துபவர் தவறினால்?

எஃப்ரென் ரெயஸ் கதையைக் கேளுங்கள். பிலிப்பைன்ஸ்காரர். சின்ன வயதில் மாமாவின் பில்லியர்ட்ஸ் கடையில் எடுபிடி வேலை செய்து, இரவில் அந்த மேசை மேலேயே படுத்துத் தூங்கியவர். 2006 செப்டம்பரில் அமெரிக்காவின் ரீனோ நகரில் ஐ.பி.டி. நடத்திய எட்டுப் பந்து உலகப் போட்டியில் ஜெயித்தார். அறிவித்த முதல் பரிசு 5 லட்சம் டாலர். அன்றைய கணக்கில் இரண்டு கோடி ரூபாய்க்கு மேல்! இந்தத் தொடரை 2005-ல் தொடங்கியவர் கெவின் ட்ரூடோ என்ற டி.வி. விளம்பரக்காரர். போட்டி முடிந்த பிறகுதான் தெரிந்தது, பெட்டியில் பணம் இல்லை. வீரர்களுக்குத் தவணையில் தருகிறோம் என்றார்கள். அதோடு தொடரும் படுத்துவிட்டது. கடன் வாங்கி டிக்கெட் போட்டு வந்த சின்ன ஆட்டக்காரன் கதி என்ன, யோசித்துப் பாருங்கள்.

எங்க அப்பா பவுண்டரியில் அச்சு போடுபவர். சனிக்கிழமை கூலி வராவிட்டால் எங்க வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கறி கிடையாது. ஜெயித்தவனுக்குப் பரிசும் கூலிதான், இனாம் இல்லை என்பது என் கட்சி.

இதற்கு வழி நம்ம சிவில் பிரிவு மாணவர்களுக்கே தெரியும். டெண்டர் போடுபவர் முன்வைப்புத் தொகை கட்டாமல் உள்ளே வர முடியாது. அதேபோல, பரிசுத் தொகை முழுவதையும் சங்கத்தின் பெயரில் வங்கியில் போட்ட பிறகே நோட்டீஸ் அடிக்க விட வேண்டும். வீரர்களிடம் நுழைவுக் கட்டணம் மட்டும் முன்கூட்டியே வாங்கத் தெரிகிறதல்லவா?

நம்ம யூனியன் கேரம் போட்டிக்கும் வசூல் எவ்வளவு, கோப்பைச் செலவு எவ்வளவு என்று போர்டில் ஒட்டச் சொல்லி செயலாளர் அண்ணனிடம் கேட்டிருக்கிறேன். "பார்க்கலாம் தம்பி" என்றிருக்கிறார்.