புலிக்கு அடியில் பாடும் மரமனிதன்

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை வீழ்ந்தபின், திப்பு சுல்தானின் அரண்மனையில் இசைக்கருவிகள் இருந்த அறையில் கம்பெனிப் படையினர் ஒரு மரப்புலியைக் கண்டெடுத்தனர். ஐரோப்பியன் ஒருவனின் மேல் பாய்ந்து கழுத்தைக் கவ்வியிருக்கும் அதைப் பகையின் பொம்மை என்றே பலரும் சொல்லி வருகிறார்கள். புலி திப்புவின் சின்னம். அந்தப் பொருளை மறுப்பதற்கில்லை. ஆனால் அது முதலில் ஒரு வாத்தியம். கைப்பிடியைச் சுழற்றினால் துருத்திகள் இயங்கும். மனிதன் இடக்கையை அசைத்து ஓலமிடுவான், புலி உறுமும். மிரட்டுவதற்கு அதுவே போதுமே, விலாவுக்குள் 18 கட்டைகள் கொண்ட ஆர்கன் எதற்கு?

ஆர்கன் ஐரோப்பியருடையது, பிரெஞ்சுக்காரர் கைவேலையாக இருக்கலாம் என்பது ஒரு மறுப்பு. இருக்கட்டும்; திப்புவிடம் பிரெஞ்சுக் கைவினைஞர்கள் பணியாற்றியது உண்மைதான். ஆனால் கச்சேரி மேடையில் பிடிலை இன்று யார் அந்நியம் என்கிறார்கள்? லண்டன்காரர்களும் அந்தப் புலியைச் சும்மா பார்த்துவிட்டுப் போகவில்லை. 1808 முதல் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையகத்தில் பார்வையாளர்கள் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி, பக்கத்து நூலகத்தில் படிக்க வந்தவர்களின் நிம்மதியைக் கெடுத்தார்கள். இப்போது அது அதே நகரில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில், கண்ணாடிக்குள் இருக்கிறது.