பல்லிணைப் பிணைப்புத் தாமதம்

பல்லிணைப் பிணைப்புத் தாமதம் என்பது, தன்னியக்கப் பல்லிணைப்பெட்டி கொண்ட ஊர்தியில் ஓட்டுநர் தேர்வுக்கோலை நடுநிலையிலிருந்து முன்செலுத்தத்துக்கோ பின்செலுத்தத்துக்கோ நகர்த்தும் நேரத்துக்கும், எஞ்சினின் விசை உண்மையில் சக்கரங்களைச் சென்றடையும் நேரத்துக்கும் இடைப்பட்ட காலம் ஆகும். இத்தகைய ஊர்திகள் எல்லாவற்றிலும் இது ஓரளவு உண்டு. பெட்டி நல்ல நிலையில் இருந்தால் ஏறத்தாழ ஒரு வினாடியில் முடிந்துவிடும். இரண்டு, மூன்று வினாடிகளாக நீளும்போது அது பழுதின் அறிகுறியாகக் கொள்ளப்படுகிறது. பணிமனைகளில் இதனைக் "கியர் லேட்டாக விழுகிறது" என்பர்.

மின்னணு முறையில் கியர் மாற்றும் சரக்குந்துகளில் கணினியே கட்டளையிடுவதால், தாமதத்துக்கும் கணினியே காரணம் என்று கருதும் வழக்கம் உள்ளது. பெரும்பாலும் இது பொருந்தாது. 1940 ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்சுமொபைல் கார்களில் வந்த ஐடிராமேட்டிக் பெட்டியில் கணினி ஏதுமில்லை. அவ்வகைப் பழைய பெட்டிகளிலும் இதே தாமதம் இருந்தது. கணினியின் கட்டளை ஆயிரத்தில் சில பங்கு வினாடிகளில் பிறந்துவிடுகிறது. எஞ்சிய நேரம் எண்ணெய் ஓடி ஒரு வெற்றிடத்தை நிரப்பும் நேரமே.

மலைச்சாலையில் இதன் விளைவு

தென்காசியிலிருந்து செங்கோட்டை வழியாகக் கொல்லம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 744 (முன்னர் 208), புளியரையைக் கடந்ததும் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறி ஆரியங்காவுக் கணவாயை அடைகிறது. புளியரைச் சோதனைச்சாவடியில் நின்று புறப்படும் சரக்குந்துகள் சிறிது தொலைவிலேயே 'எஸ்' வளைவின் ஏற்றத்தைச் சந்திக்கின்றன. குற்றாலத்தில் சாரல் விழும் சூன் முதல் ஆகத்து வரையிலும், சபரிமலைக்குச் செல்வோர் மிகும் கார்த்திகை, மார்கழி மாதங்களிலும் இச்சாலையில் நின்று நின்று நகரவேண்டியிருக்கும். அவ்வரிசையில் ஒரு சரக்குந்துக்குப் பின்னால் ஒரு மீட்டர் இடைவெளியில் வேனோ காரோ நிற்பது இயல்பு.

நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் உயரும் ஒரு சரிவை எடுத்துக்கொள்வோம். ஓட்டுநர் பிரேக்கிலிருந்து காலை எடுத்தபின் கியர் பிணையாமல் இருந்தால், உருளல் தடையைக் கழித்து, ஊர்தி வினாடிக்கு வினாடி ஏறத்தாழ அரை மீட்டர் வீதம் முடுக்கம் பெற்றுப் பின்னோக்கி உருளும். ஒரு வினாடியில் அது கால் மீட்டர் மட்டுமே நகரும். இரண்டு வினாடிகளில் ஒரு மீட்டர், மூன்று வினாடிகளில் இரண்டேகால் மீட்டர். தாமதம் இருமடங்கானால் உருளும் தொலைவு நான்கு மடங்காகிறது. சமதளத்தில் எரிச்சலூட்டும் அளவே உள்ள ஒரு குறை, ஏற்றத்தில் பின்னால் நிற்கும் வண்டியைத் தொட்டுவிடும். (இக்கணக்கில் சுமையின் எடை இடம்பெறாததைக் கவனிக்க. வெற்று வண்டியும் சுமைவண்டியும் ஏறத்தாழ ஒரே விரைவில் உருளும். ஆனால் மோதலின் வலிமை எடையைப் பொறுத்தது.) ஏற்றத்தில் புறப்படும்போது பிரேக்கைச் சில வினாடிகள் தானே பிடித்துவைக்கும் அமைப்பு இன்றைய பல சரக்குந்துகளில் உண்டு. தாமதம் அச்சில வினாடிகளையும் தாண்டினால் அதனால் பயனில்லை.

நேரம் எங்கே கழிகிறது

முறுக்குவிசை மாற்றி வகைப் பெட்டிகளில் கியர் என்பது பல் நகர்ந்து பல்லில் பொருந்துவதன்று. கோள்பல்லிணைத் தொகுதிகள் எப்போதும் பிணைந்தே இருக்கும். எந்த உறுப்பு நிற்கவேண்டும், எது சுழலவேண்டும் என்பதை, கிளட்ச் எனப்படும் உரசிணைப்பிகள் முடிவு செய்கின்றன. சென்னையை அடுத்த ஒரகடத்தில் அலிசன் நிறுவனம் தயாரிக்கும் பெட்டிகள் இவ்வகையைச் சேர்ந்தவை.

தேர்வுக்கோல் நகர்ந்ததும் கட்டுப்பாட்டுக் கணினி, எஞ்சினின் வேகம், ஊர்தியின் வேகம், முடுக்கி மிதியின் நிலை ஆகியவற்றைப் பார்த்துவிட்டு மின்காந்த வால்வுக்கு மின்னோட்டம் அனுப்புகிறது. வால்வு திறந்து, பம்பிலிருந்து வரும் எண்ணெய் உரசிணைப்பியின் பிசுடன் அறைக்குள் பாய்கிறது. பிசுடன் முதலில் தகடுகளுக்கு இடையிலுள்ள இடைவெளியைக் கடக்கவேண்டும். அதன் பின்னரே அழுத்தம் உயர்ந்து தகடுகள் ஒன்றையொன்று பற்றும்.

எடுத்துக்காட்டாக, 200 சதுர செ.மீ. பரப்புள்ள பிசுடன் 2 மி.மீ. நகர 40 மி.லி. எண்ணெய் தேவை. தகடுகள் தேய்ந்து இடைவெளி 4 மி.மீ. ஆனால் 80 மி.லி. வேண்டும். பம்பின் அளவும் துளைகளின் அளவும் மாறாததால், நிரம்பும் நேரம் இருமடங்காகிறது. தேய்மானம் இவ்வாறே காலமாக மாறுகிறது. தேய்மானத்துக்கு ஏற்ப நிரப்பும் நேரத்தைக் கணினி தானே கற்றுச் சற்றுத் திருத்திக்கொள்ளும். அத்திருத்தத்துக்கும் எல்லை உண்டு. அந்த எல்லை வரை பழுது மறைந்தே இருந்துவிட்டுப் பின்னர் திடீரெனத் தோன்றியது போலத் தெரியும்.

கணினி வேண்டுமென்றே காத்திருக்கும் ஒரு சூழலும் உண்டு. முடுக்கியை மிதித்த நிலையில் கியர் பிணைந்தால் தகடுகள் கருகிவிடும் என்பதால், எஞ்சின் வேகம் தணியும் வரை பல கட்டுப்பாட்டகங்கள் பிணைப்பை மறுத்துவிடுகின்றன. வண்டி நகரவில்லையே என்று பொறுமையிழந்து முடுக்கியை அழுத்தும் ஓட்டுநர், தாமதத்தைத் தாமே நீட்டிக்கிறார்.

குளிர்நிலையில் தாமதமா, சூட்டில் தாமதமா

காரணத்தை அறிய மிகவும் பயன்படும் கேள்வி இதுவே. பல்லிணைப்பெட்டி எண்ணெயின் பாகுநிலை 40 பாகை செல்சியசில் ஏறத்தாழ 35 சென்டிசுடோக்கு என்றால், 100 பாகையில் 7 அளவுக்குக் குறைந்துவிடும். ஒரே எண்ணெய் காலையில் ஒரு பொருளாகவும் மலையேறிய பின் வேறொரு பொருளாகவும் நடந்துகொள்கிறது.

இரவு முழுவதும் நிறுத்தியிருந்த வண்டியில் முதல் முறை மட்டும் தாமதம் ஏற்பட்டுப் பிறகு சரியாகிவிட்டால், முறுக்குவிசை மாற்றியில் இருந்த எண்ணெய் கீழே வடிந்திருக்கலாம். எண்ணெய் மட்டம் குறைந்திருக்கலாம். அல்லது இறுகிப்போன அடைப்பு வளையங்கள் சூடேறிய பின்னரே இளகிப் பொருந்தலாம். தென்காசிப் பகுதியில் கடுங்குளிர் இல்லை என்பதால், எண்ணெய் உறைந்து தடித்ததே காரணம் என்ற விளக்கம் இங்கு எளிதில் பொருந்தாது.

இதற்கு நேர்மாறானது சூட்டில் வரும் தாமதம். தென்காசியில் சரியாகக் கிளம்பும் வண்டி, மலையில் நின்று புறப்படும்போது தயங்குகிறது. ஏற்றத்தில் மெதுவாக ஊரும்போது முறுக்குவிசை மாற்றியில் நழுவல் மிகுந்து எண்ணெய் சூடேறுகிறது. நீர்த்துப்போன எண்ணெய், தேய்ந்த பம்பின் இடுக்குகள் வழியாகவும் வளையங்களின் வழியாகவும் கசிந்து அழுத்தம் ஏறாமல் தடுக்கிறது. இது குளிர்நிலைத் தாமதத்தைவிடக் கவலைக்குரியது என்பதில் ஐயமில்லை. பணிமனை சமதளத்தில் இருப்பதாலும், வண்டி அங்கு வந்து சேர்வதற்குள் ஆறிவிடுவதாலும், "குறை எதுவும் தெரியவில்லை" என்ற பதிலுடன் வண்டி திரும்பிவிடும்.

முன்செலுத்தத்தில் மட்டும் அல்லது பின்செலுத்தத்தில் மட்டும் தாமதம் என்றால், பம்பையும் வடிகட்டியையும் பெரும்பாலும் ஐயுற வேண்டியதில்லை. அவை இரண்டுக்கும் பொதுவானவை. அந்தக் கியருக்குரிய உரசிணைப்பியையோ வால்வையோதான் பார்க்கவேண்டும்.

தன்னியக்கமாக்கிய கையியக்கப் பெட்டி

இந்தியச் சாலைகளில் உரசிணைப்பி மிதி இல்லாத நெடுந்தொலைவுச் சரக்குந்துகள் பல, மேற்கூறிய வகையைச் சேர்ந்தவையல்ல. அவற்றில் இருப்பது ஏ.எம்.டி. எனப்படும், தன்னியக்கமாக்கிய கையியக்கப் பெட்டி. 2001 இல் வெளிவந்த வால்வோவின் ஐ-சிஃப்ட் இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. இங்கு எண்ணெய்க்குப் பதிலாக அமுக்கக்காற்று உரசிணைப்பியை விலக்கி, கவைகளைத் தள்ளிப் பற்களைப் பிணைக்கிறது. எனவே தாமதத்தின் காரணங்களும் வேறு: காற்றுக்கலனில் அழுத்தக் குறைவு, குழாய்க் கசிவு, காற்றுலர்த்தி பழுதானதால் வால்வுகளில் ஈரம். பல்லும் பல்லும் நேருக்கு நேர் முட்டி நின்றால் தண்டு சற்றுத் திரும்பும் வரை காத்திருக்கவும் நேரிடும். உரசிணைப்பித் தகட்டை மாற்றிய பின், அது பற்றும் புள்ளியைக் கணினிக்கு மீண்டும் கற்பிக்காவிட்டாலும் வண்டி புறப்படத் தயங்கும்.

கண்டறிதல்

எண்ணெய் மட்டத்தை, ஊர்தியின் கையேடு கூறும் வெப்பநிலையிலும் நிலையிலும் பார்ப்பது முதற்படி. இச்செலவற்ற சோதனையைச் செய்யாமலே கட்டுப்பாட்டகத்தை மாற்றுவது வீண் செலவு.

அடுத்து நேரத்தைப் பகுத்து அளக்கவேண்டும். முறுக்குவிசை மாற்றி வகையில், நடுநிலையின்போது மாற்றியின் சுழலி எஞ்சினோடு சேர்ந்து சுழலும். நிற்கும் வண்டியில் கியர் முழுமையாகப் பிணைந்ததும் சுழலி நின்றுவிடும். அதன் வேகத்தை ஓர் உணரி எப்போதும் அளந்துகொண்டிருக்கிறது. பழுதறி கருவியில் மூன்று நேரங்களைப் பதிவு செய்தால் போதும்: தேர்வுக்கோல் நகர்ந்த நேரம், வால்வுக்குக் கட்டளை சென்ற நேரம், சுழலியின் வேகம் சுழியான நேரம். முதல் இடைவெளி நீண்டிருந்தால் மிதி உணரி, மின்கலத்தின் மின்னழுத்தம், மழைநீர் புகுந்த இணைப்பிகள் ஆகியவற்றை ஆராயலாம். இரண்டாவது நீண்டிருந்தால் எண்ணெயின் பக்கம் திரும்பி, அழுத்தமானியைப் பொருத்தவேண்டும். சூட்டில் வரும் குறையானால், மலையேறி இறங்கிய வண்டியில் எண்ணெய் ஆறுமுன் இவ்வளவீடு செய்யப்படவேண்டும்.

தகடுகளையோ வால்வுத் தொகுதியையோ மாற்றியபின், கணினி முன்னர் கற்றுவைத்த திருத்தங்களை அழித்தாக வேண்டும். இல்லையெனில் புதிய உரசிணைப்பிக்குப் பழைய தேய்மானத்தின் கணக்கில் எண்ணெய் செல்லும். அழித்தபின் முதற்சில கியர் மாற்றங்கள் சற்று முரடாக இருப்பது இயல்பே.